கடல் மட்டத்திலிருந்து தில்லிச் சாலை வரை

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களில் பலர், ஸ்டேஷன் பெயர்ப் பலகையின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள ஒரு வரியைக் கவனிப்பதில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்தாயிற்று, இன்னும் எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டாயிற்று, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாயிற்று. அத்துடன் பலகையின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சிறிய வரிதான், அவ்விடம் சராசரிக் கடல் மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு அதைப் படிப்பது பழக்கமாகிவிட்டது. நம் குழந்தைகளுக்கும் அப்பழக்கம் தொற்றிக் கொண்டது.

ஒரு கோடை விடுமுறையில் அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவ்வுயரங்களையெல்லாம் எழுதிக் கொண்டே வந்தார்கள். சென்னை சென்ட்ரலில் ஒற்றை இலக்க மீட்டர். விஜயவாடாவில் இருபதை ஒட்டி. நாகபுரியில் முந்நூறைத் தாண்டி. போபாலில் ஐந்நூறை நெருங்கி. அங்கிருந்து இறக்கம், ஆக்ராவில் நூற்றெழுபது. புது தில்லியில் இருநூறுக்குச் சற்று மேல். ‘தில்லி மேலே இருக்கிறது, மெட்ராஸ் கீழே இருக்கிறது’ என்று தேசப்படத்தை வைத்துப் பேசும் வழக்கம் உண்டல்லவா? உண்மையில் வண்டி விந்திய மேட்டில் ஏறி, மறுபுறம் இறங்கித்தான் தலைநகரை அடைகிறது.

அப்போது பெரியவன் கேட்ட கேள்விக்கு நமக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. “கடல் மட்டம் என்கிறார்களே, எந்தக் கடல் அப்பா? அலை மேலே வரும்போதா, கீழே போகும்போதா? தில்லியில் கடலே இல்லையே, இங்கே எப்படி அளந்தார்கள்?” மெட்ரிகுலேஷன் படித்த பூகோளம் இதற்குப் போதாது. விடை அறிந்தவர் நம் பகுதியிலேயே இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக வட இந்தியச் சாலை வேலைகளில் சர்வேயராக இருப்பவர் அவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கார்த்திகை விளக்கு வரிசையை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால்கூடக் கண்ணைச் சுருக்கி ஒரு கோடியிலிருந்து பார்த்துவிட்டு, “இந்த முனை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்குது தம்பி” என்பார். அவரிடம் குழந்தையின் கேள்வியைக் கொண்டு போனோம்.

அவர் சொன்ன விவரம் நம்மவர்கள் பெருமையுடன் கேட்கத் தக்கது. இந்திய சர்வே இலாகா 1858 இல் நாடு முழுவதும் நுட்பமாக மட்டம் பார்க்கும் வேலையைத் தொடங்கியது. கடற்கரையில் சில இடங்களில் நீர்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் ஆண்டுக்கணக்கில் குறித்து, அதன் சராசரியைச் சுழி என வைத்துக் கொண்டார்கள். அப்படித் தேர்ந்த துறைமுகங்கள் ஒன்பது: கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாக் கரையிலுள்ள ஃபால்ஸ் பாயிண்ட். இவற்றிலிருந்து உள்நாட்டுக்குள் படிப்படியாக மட்டத்தைக் கொண்டு சென்று, வழியெங்கும் கல் நட்டு உயரத்தைப் பதிவு செய்து, 1909 இல் கணக்கை ஒன்றாகச் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஆகவே தில்லியில் ஒரு சாலையின் உயரத்தைச் சொல்லும்போது, அதில் நாகப்பட்டினத்துக் கடலுக்கும் சென்னைக் கடலுக்கும் பங்கு உண்டு. பரங்கிமலைக்கு அருகே 1802 இல் லாம்டன் துரை அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை வேறு; அது பெரும்பாலும் நிலத்தின் நீள அகலங்களைப் பற்றியது. மட்டக் கணக்கு தனியாக நடந்த தவம்.

“வந்து பாருங்க தம்பி. கேட்டால் பாதிதான் விளங்கும்” என்றார் அண்ணாச்சி. 2022 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் புறப்பட்டோம்.

தில்லியைச் சுற்றிப் பெருஞ்சாலைகள் முளைத்துக் கொண்டிருந்த காலம் அது. கிழக்கு வெளிவட்ட விரைவுச்சாலை 135 கிலோமீட்டர் நீளத்தில் 2018 இலேயே திறக்கப்பட்டிருந்தது. துவாரகை விரைவுச்சாலை நடந்து கொண்டிருந்தது. அதன் அரியானாப் பகுதி 2024 மார்ச்சிலும் தில்லிப் பகுதி 2025 ஆகஸ்டிலும் திறக்கப்பட்டன. அண்ணாச்சி அப்போது இருந்த வேலை மேற்கு ஓரத்தில் வேறொரு சாலை. அதன் பெயரும் கட்டிய நிறுவனமும் இங்கு வேண்டியதில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

மெட்ரோவில் இறங்கி, பகிர்வு ஆட்டோவில் நெருக்கியடித்துக் கொண்டு, கடுகு வயல்களையும் செங்கல் குவியல்களையும் கடந்து போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. அந்நேரத்தில் ஏன் என்றால், வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் எழும். கண்ணாடிக் குழாய் வழியே பார்க்கும்போது கோலில் உள்ள எண்கள் நீரில் மிதப்பது போல் ஆடும். மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல் எடுத்த மட்டத்தை அண்ணாச்சி நம்புவதில்லை. டிசம்பர், ஜனவரியில் நேர்மாறு. பனிமூட்டம் விலகிக் கோல் கண்ணுக்குத் தெரியவே பத்து மணி ஆகிவிடுமாம். தில்லி தட்பவெப்பம் சர்வேயருக்கு ஆண்டில் சில மாதங்களே அருள் செய்கிறது.

சாலை என்று நாம் காண்பது மேலே உள்ள தார் மட்டுமே. அங்கே நாம் கண்டது அகன்று நீண்ட ஒரு மண் மேடை. அதன்மேல் ஜல்லியும் மணலும் கலந்த ஓர் அடுக்கு. அதன்மேல் இன்னோர் அடுக்கு. தாரெல்லாம் அதற்குப் பின்னர். ஒவ்வோர் அடுக்கையும் பரப்பி, நீர் தெளித்து, ரோலரால் அழுத்தியபின், அடுத்த அடுக்கு ஏறுவதற்கு முன் உயரம் பார்த்தாக வேண்டும். மத்தியச் சாலை அமைச்சின் விதி நூலில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று திட்டவட்டமாக எழுதியிருக்கிறது. அடி மண்ணுக்கு 20 மில்லிமீட்டர் மேலும் 25 கீழும் பொறுப்பார்கள். ஜல்லிக் கீழடுக்குக்கு 10 மேலும் 20 கீழும். இயந்திரம் போடும் தார் மேற்பரப்புக்கு இருபுறமும் 6 மில்லிமீட்டர்தான். நீளவாட்டில் ஆறேகால் மீட்டருக்கு ஒரு புள்ளி, குறுக்குவாட்டில் மூன்றரை மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த பத்துப் புள்ளிகளில் ஒன்றுக்கு மேல் வரம்பு மீறக் கூடாது. அந்த ஒன்றும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் மீறக் கூடாது. ஆயிரக்கணக்கான லாரிகள் மண் கொட்டும் வேலையில், முடிவில் கணக்குத் தீர்ப்பது நெல்மணியின் அளவு.

கருவி எளியது. ஒரு முக்காலி, அதன்மேல் படுக்கை வாட்டாகப் பார்க்கும் தொலைநோக்கி, அதைச் சமன்செய்ய ஒரு ரசமட்டக் குமிழி. தூரத்தில் எண்கள் தீட்டிய கோலை நிமிர்த்திப் பிடிக்க ஓர் ஆள். உயரம் தெரிந்த கல்லின்மேல் முதலில் கோலை வைத்துப் பார்ப்பார்கள். கல்லின் உயரம் 212.350 மீட்டர் என்றும், கோலில் தெரிவது 1.425 என்றும் கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 213.775, இது கருவியின் கண் இருக்கும் உயரம். பிறகு கோலைச் சாலையில் வைத்துப் பார்க்க 0.980 தெரிந்தால், கழித்துவிட வேண்டியதுதான்; அவ்விடத்தின் உயரம் 212.795. கூட்டல், கழித்தல் தவிர வேறு கணிதம் இல்லை. நம் ரொக்கப் புத்தகத்திற்கும் அதற்கும் என்ன வேற்றுமை என்று நமக்குத் தோன்றியது. பார்க்கப் போனால், பக்க முடிவில் சரிபார்க்கும் முறையும் ஒன்றே. பின்னோக்கிப் பார்த்தவற்றின் கூட்டுத் தொகையிலிருந்து முன்னோக்கிப் பார்த்தவற்றின் கூட்டுத் தொகையைக் கழித்தால் வருவதும், கடைசி உயரத்திலிருந்து முதல் உயரத்தைக் கழித்தால் வருவதும் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல் பக்கத்தில் எங்கோ பிழை.

கோல் பிடித்தவர் புந்தேல்கண்டிலிருந்து வந்த ஒரு பேல்தார். அறுபதை நெருங்கியவர். அண்ணாச்சி அவரைச் ‘சாச்சா’ என்றே அழைத்தார். அவர் இவரைப் ‘பாபுஜி’ என்றார். அவர் செய்த ஒரு காரியம் நமக்கு விந்தையாக இருந்தது. கோலைத் தம்மை நோக்கியும் எதிர்ப்புறமாகவும் மிக மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினார். சாய்ந்த கோல் எப்போதும் கூடுதலாகவே காட்டும். நேர் நிமிர்வில்தான் மிகக் குறைந்த எண் தெரியும். அக்குறைந்த எண்ணே மெய். பள்ளிக்கூடம் போகாத அம்மனிதர் இதை முப்பது ஆண்டுகளாக ஒருமுறையும் மறவாமல் செய்கிறார் என்று அண்ணாச்சி சொன்னார். அன்று நமக்கு அவ்விடத்தில் மிகுந்த மரியாதை ஏற்பட்டது அவர்மீதுதான்.

செயற்கைக்கோள்களைக் கொண்டு இருக்குமிடத்தைக் கண்டறியும் கருவிகளும் அங்கே இருந்தன. பின் ஏன் இந்தப் பழைய முக்காலி என்று கேட்டோம். சாலையின் இடத்தைக் குறிக்க அவை மிக நல்லவை. மில்லிமீட்டர் உயரத்திற்கு முக்காலிதான் என்றார். செயற்கைக்கோள் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்லவாம். பூமியைச் சீரான முட்டை வடிவாகக் கற்பித்து, அதிலிருந்து சொல்லும் உயரமாம். இயற்கைக் கடலோ அந்தக் கற்பனை வடிவத்தோடு ஒட்டி நிற்பதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக் கடலில் அது நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய தாழ்வு அதுதான். ஆகவே திருத்தம் செய்யாத செயற்கைக்கோள் கணக்கின்படி நம் மெரீனாக் கடற்கரை பல பத்து மீட்டர் ‘பூமிக்கடியில்’ இருக்கிறது! குழந்தைகளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே குறித்துக் கொண்டோம்.

இனி, அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி கட்டுபவர் தரப்பு ஆள் அல்லர். வேலையைச் சரிபார்க்கும் மேற்பார்வைத் தரப்பின் ஆள். கட்டுபவர் தரப்பு ஜல்லிக் கீழடுக்கை இருநூறு மீட்டர் நீளத்திற்குப் பரப்பி முடித்து, தங்கள் சர்வேயரைக் கொண்டு மட்டமும் எடுத்து வைத்திருந்தது. புத்தகத்தில் அத்தனை புள்ளிகளும் வரம்புக்குள் இருந்தன. கையெழுத்துப் போட்டால் மறுநாள் மேலடுக்கு ஏறிவிடும். அவர்களுடைய மேற்பார்வையாளர் டீயும் பிஸ்கோத்தும் வரவழைத்தார். அண்ணாச்சியும் அருகிலிருந்த தற்காலிகக் குறியிலிருந்து பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைப் பார்த்தார். புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. நாம் வேலை முடிந்ததென்றே நினைத்தோம்.

அவர் முக்காலியைத் தூக்கிக் கொண்டு எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கினார். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கான்க்ரீட் தூணாக நட்ட மூலக் குறி இருந்தது. அதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தற்காலிகக் குறிவரை மட்டத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னும் பின்னும் சம தூரத்தில் கோலை வைக்கச் சொன்னார்; அப்படி வைத்தால் கருவியின் சிறு கோணலும் பூமியின் வளைவும் ஒன்றை ஒன்று அடித்துக் கொண்டு போய்விடுமாம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பூமியின் வளைவு மட்டும் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கண்ணை ஏமாற்றும் என்றால் நம்ப முடிகிறதா? பிறகு அதே வழியில் மூலக் குறிக்கே திரும்பி, தொடங்கிய எண்ணோடு முடிந்த எண் பொருந்துகிறதா என்று பார்த்தார். போக வர மூன்று கிலோமீட்டர். சுற்றின் நீளத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர் வரை பிழையைப் பொறுப்பது வழக்கம். இங்கே அது இருபத்தொன்று. அண்ணாச்சிக்கு வந்த வித்தியாசம் நான்கு. இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வெயிலும் ஏறிவிட்டது.

முடிவு இதுதான். தற்காலிகக் குறி ஒரு சிறு மதகின் கைப்பிடிச் சுவரில் சிவப்பு வண்ணத்தால் இட்டது. அந்தச் சுவர் நாற்பது மில்லிமீட்டர் அமிழ்ந்திருந்தது. பாரம் ஏற்றிய லாரிகள் அதை ஒட்டித் திரும்பியதாலோ, அடியில் மண் இளகியதாலோ தெரியாது. அமிழ்ந்த குறிக்குப் பழைய எண்ணையே வைத்துக் கொண்டு வேலை செய்ததால், இருநூறு மீட்டர்ச் சாலையும் நாற்பது மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது. புத்தகத்தில் ஒரு தவறும் தெரியவில்லை. ஏனெனில் போட்டவரும் சரிபார்த்தவரும் அதே பொய்க் குறியிலிருந்து பார்த்தார்கள்.

“நாலு சென்டிமீட்டர்தானே பாபுஜி, மேல் அடுக்கில் சரிக்கட்டி விடுகிறோம், புத்தகம் இப்படியே இருக்கட்டும்” என்றார் மேற்பார்வையாளர். கெட்டவராகத் தெரியவில்லை. அவருக்கும் மேலே அவசரப்படுத்துபவர்கள் இருந்தார்கள். அண்ணாச்சி சாலையின் ஓரத்தைக் காட்டினார். அவ்விடத்தில் ஒரு கிராமத்துக் குடியிருப்பின் சாக்கடை சாலையோர வடிகாலில் வந்து சேருகிறது. தில்லியின் மேற்குப் பகுதி தட்டை நிலம். நீர் ஓட அங்கே கொடுத்திருந்த சரிவு ஆயிரத்துக்கு மூன்று, அதாவது ஒரு மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர். நாற்பது மில்லிமீட்டர் தாழ்ந்தால் பதின்மூன்று மீட்டர் தூரத்துச் சரிவு செத்துவிடும். நீர் நிற்கும், நின்ற நீர் திரும்பிப் போக வழி அந்த வீடுகளே. மேலடுக்கில் சரிக்கட்டினால் தாரும் கனமான ஜல்லியும் வேண்டும். அந்தச் செலவை யார் செய்வார்கள்? பின்னொரு நாள் யாரோ செய்வார்கள் என்றால், யாரும் செய்யமாட்டார்கள்.

அவர் அதிகம் பேசவில்லை. மட்டப் புத்தகத்தில் பழைய எண்ணின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். அழிக்கவில்லை, எண் கீழே படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் புதிய எண்ணை மையால் எழுதிக் கையெழுத்திட்டார். நம் ரயில்வே ரொக்கப் புத்தக விதியும் அதுவே.

அடுக்கைக் கீறிக் கிளறி, புதிய ஜல்லி சேர்த்து, மீண்டும் அழுத்த வேண்டியதாயிற்று. இருநூறு மீட்டர் நீளம், பத்தரை மீட்டர் அகலம், நாலு சென்டிமீட்டர் கனம் என்று நாமே பெருக்கிப் பார்த்தோம். எண்பத்து நான்கு கன மீட்டர். இரண்டு நாள் வேலை. திரும்பும் வழியில் அண்ணாச்சி மௌனமாக இருந்தார். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை அவருடையது. பெண் அப்போது கல்லூரியில் முதலாண்டு. “மாசக் கடைசியில புதுப்பிக்கணும். என்ன சொல்லுவாங்களோ” என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் மறு ஆண்டே இராஜஸ்தானத்தில் ஒரு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனையா, தேவையா என்று அவர் ஆராயவில்லை. குடும்பம் இங்கே, அவர் அங்கே என்று சில காலம் நடந்தது.

தலைநகரில் மட்டம் பற்றிய தகராறு புதிதன்று. ஊரிலிருந்து வரும் உறவினரை ராஷ்டிரபதி பவனம் காட்ட அழைத்துப் போகிறோம் அல்லவா? இந்தியா கேட்டிலிருந்து நேர்ச்சாலையில் போகப் போக மாளிகையின் கோபுரமண்டபம் தெளிவாகத் தெரியும். விஜய் சௌக்கை நெருங்கியதும் மாளிகை கொஞ்சம் கொஞ்சமாக மேட்டிற்குள் அமிழ்ந்து, உச்சி மட்டும் எஞ்சும். மேலே ஏறிய பிறகே முழு உருவம் மீண்டும் வரும். இதற்குக் காரணம் ரெய்சினா மேட்டுச் சாலையின் சரிவு. மாளிகையைக் கட்டிய லட்யன்ஸும், இருபுறச் செயலகங்களைக் கட்டிய பேக்கரும் 1913 இல் ஏறக்குறைய இருபத்திரண்டரைக்கு ஒன்று என்ற சரிவுக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டார்கள். அச்சரிவு தம் மாளிகையை மறைக்கும் என்பது லட்யன்ஸுக்குப் பின்னரே உறைத்தது. மேட்டை வெட்டிச் சரிவைக் குறைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். செலவை எண்ணி அரசாங்கம் மறுத்துவிட்டது. நண்பர்கள் இருவரும் பேச்சற்றுப் போனார்கள். வாட்டர்லூவை நினைத்துத் தம் தோல்விக்குப் ‘பேக்கர்லூ’ என்று பெயர் வைத்துக் கொண்டாராம் லட்யன்ஸ். அடுத்த முறை விருந்தினரோடு போகும்போது, அந்த இடத்தில் நின்று காட்டினால் வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் எல்லா மட்டப் பிழையும் வேடிக்கையில் முடிவதில்லை. கனாட் பிளேஸுக்கு அருகே மின்டோ பாலம் இருக்கிறது. 1933 இல் கட்டியது; மேலே ரயில், கீழே சாலை. ரயில் பாதை நினைத்தபடி ஏறி இறங்க முடியாததால், சாலைதான் குனிந்து போகிறது. சுற்றுப்புறத்து மழைநீருக்கு அந்தக் குழி ஒரு கிண்ணம். தில்லியில் மழைக்காலம் வந்தது என்பதற்கு அப்பாலத்தடியில் மூழ்கிய பேருந்தின் படமே பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் அறிவிப்பாக இருந்தது. 2020 ஜூலை 19 அன்று சிறு சரக்கு வண்டி ஓட்டிவந்த ஒருவர் அங்கே நீரில் சிக்கி உயிரிழந்தார். மேலே நம் ரயில்கள் ஓடிக் கொண்டிருக்க, கீழே ஒரு மனிதர் மூழ்குவது என்பதை நினைக்கையில் மனம் கசிகிறது.

2023 ஜூலையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. யமுனையின் வெள்ள அளவைப் பழைய இரும்புப் பாலத்தில்தான் குறிக்கிறார்கள். அந்த எண்களும் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுபவையே என்பதைப் பலர் அறியார். அபாய அளவு 205.33 மீட்டர். 1978 வெள்ளத்தில் 207.49 வரை வந்தது. அதை மிஞ்சாது என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் இருந்துவிட்டோம். 2023 ஜூலை 13 அன்று 208.66 வந்தது. பழைய பாலத்தில் ரயில்களை நிறுத்தியிருந்தார்கள்; அலுவலகத்தில் ரத்தான வண்டிகளின் பட்டியலோடு நாம் போராடிக் கொண்டிருந்தோம். காஷ்மீரி கேட் பேருந்து நிலையம் அருகே ரிங் ரோடு நீருக்குள் போயிற்று. செங்கோட்டையின் பின்புறச் சுவரை நீர் தொட்டது. இந்திரப்பிரஸ்தம் பக்கம் வடிகால் மதகு பழுதாகி, ஆற்று நீர் நகருக்குள்ளேயே வந்தது. அன்று எந்தச் சாலை முழுகும், எது தப்பும் என்பதைத் தீர்மானித்தது அச்சாலையின் மட்டப் புத்தகத்தில் எழுதிய எண்ணன்றி வேறில்லை. இருநூற்றெட்டரையில் இருந்தது முழுகிற்று; இருநூற்றொன்பதில் இருந்தது பிழைத்தது.

மறு ஆண்டு ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் நிலவறை நூலகம் ஒன்றில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர் மாண்டனர். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்க நம் ஊர்ப் பிள்ளைகளும் திரளாகத் தங்கும் இடம் அது. அன்றிரவு எத்தனை தமிழ் வீடுகளில் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது! உங்கள் பிள்ளையோ மருமகனோ அங்கே அறை பார்க்கும்போது, வாடகையையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, வாசற்படி சாலையைவிட எவ்வளவு உயரம் என்றும், நிலவறைக்கு எத்தனை வழிகள் என்றும் பார்த்துவிடுங்கள்.

நாம் குடியிருக்கும் வீதியின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2014 இல் நாம் குடிவந்தபோது வாசலில் இரண்டு படிகள் ஏறி உள்ளே போவோம். அதன்பின் மும்முறை சாலை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதியது. இப்போது படி ஒன்றும் இல்லை; சாலையும் கூடமும் ஒரே மட்டம். கீழ்த்தளத்தில் இருக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களும் ஆடி மாதம் வந்தால் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் உறங்குகின்றன. 2021 இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று அங்கே அறிவுறுத்தினார். இங்கும் விதி இல்லாமல் இல்லை. நம் வீதிக்கு அது வந்து சேரவில்லை.

வாயால் சொன்ன புகார்களுக்குப் பயன் இல்லை. விடுமுறையில் வந்த அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி, பதினெட்டு வீட்டு வாசல்களின் உயரத்தையும் சாலை நடுவின் உயரத்தையும் ஒரே குறியிலிருந்து பார்த்து, பட்டியலாக எழுதினோம். பதினொரு வாசல்கள் சாலையைவிடத் தாழ்ந்திருந்தன. மிகத் தாழ்ந்தது பதினாறு சென்டிமீட்டர். வீதியில் இருந்த பஞ்சாபிகளும் வங்காளிகளும் நம்மோடு கையெழுத்திட்டார்கள். எண்களைக் கண்ட இளம் பொறியாளர் தாமே நேரில் வந்து, தம் கருவியை வைத்துப் பார்த்தார். நம் பட்டியலுக்கும் அவருடையதற்கும் எங்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேற்றுமை இல்லை. சென்ற குளிர்காலத்தில் மீண்டும் சாலை போட்டபோது, முதன்முறையாகச் சுரண்டும் இயந்திரம் நம் வீதிக்குள் வந்தது. ஐந்து சென்டிமீட்டர் எடுத்து ஐந்து சென்டிமீட்டர் போட்டார்கள். தாழவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. பதினாறு சென்டிமீட்டர் வீட்டார் இன்னும் அரிசி மூட்டையைத் தூக்கித்தான் வைக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வடிகால் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

தம் வீதியில் இவ்வாறு பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. குழாய் இருபது மீட்டர் நீளமாவது இருக்கட்டும். நீர் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்கலாகாது. நின்றால் இரு முனையும் பொய் சொல்லும். நீரில் சிறிது மஞ்சள் கரைத்தால் மட்டம் நன்றாகத் தெரியும். குழாயை வெயிலில் போட்டு வைக்காமல் விடியற்காலையிலேயே பார்த்துவிட வேண்டும். கடைசியாகத் தொடங்கிய வாசலுக்கே திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் குழாய் வீட்டில் சுருட்டித்தான் வைத்திருக்கிறது. வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக் கொண்டு போகலாம்.